பழைய பைதான் லைப்ரரியைச் சுத்தம் செய்ய எங்கே ஆரம்பிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: கடல்நீரின் உப்புத்தன்மை, அடர்த்தி, ஏற்றவற்றம், காற்று, நீரோட்டம் எல்லாம் கணக்கிட அவர்களிடம் ஒரு பைதான் லைப்ரரி இருக்கிறது. சீனியர்கள் பல வருடமாக ஆளுக்கொரு ஃபைலாக எழுதிச் சேர்த்தது, எழுதியவர் யாரும் இப்போது அங்கே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, சாம்பிள் வேலையும் குறைவு, அந்த 61 நாளில் இதைச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைக்கிறார். முழுதாகத் திரும்ப எழுதிவிடலாமா, எதை முதலில் தொடுவது, டாக்குமெண்டேஷனைக் கடைசியில் எழுதினால் போதுமா, பழைய ஃபோல்டரில் கிடக்கிற மேட்லேப் ஃபைல்களை என்ன செய்வது?

தம்பி, திரும்ப எழுதுகிற ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். டாக்குமெண்டேஷனையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள், உங்கள் நிலைமையில் சுத்தம் செய்யும் வேலையே அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அறிவியல் புரோகிராம் கோடுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய தீசிஸ் இருக்கும், அச்சான கட்டுரை இருக்கும், அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கும், அந்த அட்டவணையில் இருக்கிற எண் உங்கள் லைப்ரரியிலிருந்து வந்திருக்கும். நீங்கள் அழகாக எழுதிய புது ஃபங்ஷன் மூன்றாவது தசம இடத்தில் வேறு எண் கொடுத்தால் எது சரி என்று யாரிடம் போய்க் கேட்பது? எழுதியவர் எங்கேயோ போஸ்ட்டாக் செய்துகொண்டிருப்பார், அவருக்கே ஞாபகம் இருக்காது. ஆகவே முதல் வேலை எண்களைப் பத்திரப்படுத்துவது. இன்று இருக்கிற நிலையிலேயே, அசிங்கத்தோடு சேர்த்து, கிட்டில் (ஃபைல்களின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள்) ஒரு டேக், அதாவது திரும்பிவர ஓர் அடையாளப் பெயர், போட்டுவிடுங்கள். கிட் என்பதே கிடையாது, 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஃபைனல் சார் பார்த்தது' என்று ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடக்கிறது என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை முடியுங்கள். அப்புறம் வெளியாட்கள் கூப்பிடுகிற ஒவ்வொரு ஃபங்ஷனையும் உண்மையான தரவு கொடுத்து ஓட்டி, வந்த விடையை ஃபைலில் சேமித்து, அதோடு ஒப்பிடுகிற டெஸ்ட் ஒன்று எழுதுங்கள். அந்த விடை சரியா தப்பா என்று இப்போது கவலைப்பட வேண்டாம். நேற்று என்ன வந்ததோ அது நாளைக்கும் வருகிறதா என்பது மட்டும்தான் இந்த டெஸ்டின் கேள்வி.

ஒப்பிடும்போது அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு பல்லுறுப்புக் கோவையை அடுக்கு அடுக்காக எழுதியதை மாற்றி ஹார்னர் முறையில் (அடைப்புக்குள் அடைப்பாகப் பெருக்கிக் கூட்டுவது) எழுதினாலே கடைசி இலக்கங்கள் ஆடும், லூப் போட்டுக் கூட்டியதை, பைதானின் எண்கணக்கு லைப்ரரியான நம்பையின் கூட்டல் ஃபங்ஷனுக்கு மாற்றினாலும் ஆடும், இரண்டும் தப்பில்லை. நம்பையிலேயே 'அசர்ட் ஆல்குளோஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். அதில் அனுமதிக்கும் சார்பு விலகல் (எண்ணின் அளவைப் பொறுத்தது) இயல்பாக கோடியில் ஒரு பங்கு, தனி விலகல் (எண் எதுவானாலும் மாறாதது) பூஜ்யம். நீரோட்ட வேகம் மாதிரி பூஜ்யத்தை ஒட்டி வரும் அளவுகளுக்கு அந்தத் தனி விலகலை நீங்களே கொடுக்காவிட்டால் டெஸ்ட் காரணமில்லாமல் சிவப்பாகும். அப்புறம் எரிச்சலில் டெஸ்டையே எடுத்துவிடுவீர்கள்.

எந்தத் தரவைக் கொடுப்பது என்பதில்தான் உங்கள் ஊர் ஒரு வசதியும் தருகிறது, ஒரு பொறியும் வைத்திருக்கிறது. மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பாக் விரிகுடா ஆழமில்லாதது. உங்களிடம் இருக்கும் தரவில் பாதிக்கு மேல் அங்கே எடுத்ததாகத்தான் இருக்கும், கிட்டே என்பதால். அதை மட்டும் வைத்து டெஸ்ட் எழுதினால் பல பிழைகள் வெளியே தெரியவே தெரியாது. உதாரணமாக, ஒரு ஃபங்ஷன் அழுத்தத்தை டெசிபாரில் எதிர்பார்க்கிறது, கூப்பிடுகிறவர் ஆழத்தை மீட்டரில் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஒரு டெசிபார் ஏறக்குறைய ஒரு மீட்டர் என்பதால் 10 டெசிபாரில் வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான், யார் கவனிப்பார்கள்? அதே ஃபங்ஷன் மன்னார் வளைகுடாவின் ஆழப்பகுதிக்குப் போய் 1000 டெசிபாரைத் தொடும்போது வித்தியாசம் ஏறக்குறைய 8 மீட்டர். ஆகவே இரண்டு பக்கத் தரவும் வேண்டும், வடகிழக்குப் பருவத்தில் நன்னீர் கலந்து உப்பு குறைந்த சமயத்தில் எடுத்ததும் வேண்டும், கோடையில் எடுத்ததும் வேண்டும்.

உங்கள் தரவு போக, உலகமே ஒத்துக்கொண்ட சரிபார்ப்பு எண்களும் இருக்கின்றன. கடல்நீரின் பண்புகளைக் கணக்கிடும் ஈஓஎஸ்-80 சமன்பாடுகளுக்கு 1983இல் யுனெஸ்கோ வெளியிட்ட 44ஆம் தொழில்நுட்பத் தாளில் ஃபோஃபோனாஃபும் மில்லார்டும் கோடோடு சேர்த்துச் சரிபார்ப்பு எண்களையும் கொடுத்தார்கள். உப்புத்தன்மை 35, வெப்பநிலை 5, அழுத்தம் பூஜ்யம் என்றால் அடர்த்தி 1027.67547 வர வேண்டும். உப்பே இல்லாத நீருக்கு அதே 5 டிகிரியில் 999.96675. ஒலிவேகத்துக்கு உப்புத்தன்மை 40, வெப்பநிலை 40, அழுத்தம் 10000 டெசிபார் கொடுத்தால் 1731.995. உங்கள் லைப்ரரி இவற்றைக் கொடுக்கிறதா என்று ஒரு மத்தியானத்தில் பார்த்துவிடலாம். கொடுக்காவிட்டாலும் உடனே திருத்த ஓடாதீர்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் கொடுக்கவில்லை என்பது அடுத்த கட்டத்தில் தெரியவரும்.

அடுத்த கட்டம்தான் டாக்ஸ்ட்ரிங், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனுக்குள்ளும் எழுதுகிற விளக்கக் குறிப்பு. கோடில் ஒரு வரியையும் மாற்றாமல் ஒவ்வொரு ஃபங்ஷனாக உட்கார்ந்து எழுதுங்கள்: உள்ளே போவது என்ன, எந்த அலகில், எந்த அளவுகோலில், எந்த நேர மண்டலத்தில், திசை என்றால் எங்கிருந்து எங்கே, தரவு இல்லாத இடத்தில் என்ன வரும், வெளியே வருவது என்ன. நம்பைடாக் என்கிற வடிவத்தை எடுத்துக்கொண்டால் ஸ்பிங்க்ஸ் என்ற மென்பொருள் அதிலிருந்தே பக்கங்களை உருவாக்கிவிடும், வடிவம் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுதிக்கொண்டே போகும்போது சில ஃபங்ஷன்களில் கை நின்றுவிடும். 'வெப்பநிலை' என்று இருக்கிறது, சரி, எந்த வெப்பநிலை? தெரியாது. கோடைப் படித்தாலும் தெரியாது, யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பார்த்தால் ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் இன்னொரு மாதிரியும் கூப்பிட்டிருப்பார்கள். உண்மையான அழுக்கு அங்கேதான் இருக்கிறது. இண்டெண்டேஷன் ஒழுங்கில்லாததும் வேரியபிள் பெயர் ஒற்றை எழுத்தாக இருப்பதும் கண்ணுக்கு உறுத்தும், ஆனால் அதனால் எந்தக் கட்டுரையும் தப்பாகப் போகவில்லை.

வெப்பநிலையையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஃபைல்களில் எங்கேயாவது 1.00024 என்று ஓர் எண் தனியாக நிற்கும், பக்கத்தில் ஒரு கமெண்ட்டும் இருக்காது. ஒன்றால் பெருக்குகிற மாதிரிதானே இருக்கிறது, சும்மா கிடக்கிறது என்று எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். ஈஓஎஸ்-80 எழுதிய காலத்தில் வெப்பநிலையின் அளவுகோல் 1968இல் ஒத்துக்கொண்டது. 1990இல் அளவுகோல் மாறியது, இன்றைய கருவிகள் புதியதில்தான் எண் தருகின்றன. புதியதிலிருந்து பழையதுக்கு மாற்றத்தான் அந்தப் பெருக்கல். உங்கள் கடலில் சாதாரணமாக வருகிற 30 டிகிரியில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.0072 டிகிரி, அடர்த்தியில் அது மூன்றாவது தசம இடத்தில் தெரியும். கைத் தெர்மாமீட்டர் காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள், ஆனால் இன்றைய சிடிடி கருவி (மின்கடத்தல், வெப்பநிலை, ஆழம் அளப்பது) ஆயிரத்தில் ஓரிரு பங்கு டிகிரி வரை அளக்கிறது. இதைவிடப் பெரிய தொல்லை, ஒரு ஃபங்ஷன் உள்ளே பெருக்கும், அதைக் கூப்பிடுகிற ஃபங்ஷனும் பெருக்கிவிட்டே அனுப்பும், இரண்டு தடவை பெருக்கியது எந்த டெஸ்டிலும் மாட்டாது. மேலே சொன்ன 5 டிகிரி எண்ணும் பழைய அளவுகோலில் உள்ளது, அது நினைவிருக்கட்டும். டாக்ஸ்ட்ரிங்கில் 'உள்ளீடு 1990 அளவுகோல், மாற்றம் இந்த ஃபங்ஷனுக்குள்ளேயே நடக்கிறது' என்று ஒரு வரி எழுதி, அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்து மேலே தூக்கிப் போட்டால் அந்த விஷயம் முடிந்தது.

நேரம் இன்னொன்று. ஏற்றவற்றக் கணக்கில் உலக நேரத்தை எதிர்பார்க்கும் ஃபங்ஷனுக்கு நம் நேரத்தை அப்படியே கொடுத்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். சந்திரனால் வரும் முக்கியமான அலைக்கூறின் சுற்று 12.42 மணி நேரம், ஐந்தரை மணி என்பது அதில் ஏறக்குறைய 159 டிகிரி, அதாவது ஏற்றம் வர வேண்டிய நேரத்தில் கிட்டத்தட்ட வற்றம் வந்து நிற்கும். குஜராத் பக்கம் கடல் மீட்டர் கணக்கில் ஏறி இறங்குகிற இடத்தில் இப்படி ஒரு பிழை இருந்தால் அன்றைக்கே கத்துவார்கள். ராமேஸ்வரத்தைச் சுற்றி ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், காற்று தள்ளியது என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். நேரம் பெறும் எல்லா ஃபங்ஷனிலும் நேர மண்டலம் எழுதியிருக்க வேண்டும், மண்டலம் இல்லாத நேரம் வந்தால் பிழை சொல்லி நிற்க வேண்டும். தானாக ஊகித்து உதவி செய்கிற கோட் இங்கே வேண்டாம்.

திசையும் அப்படித்தான். வாடைக் காற்று என்றால் வடக்கிலிருந்து வருவது, கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருவது, கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வானிலைக் கணக்கிலும் காற்றுக்கு வரும் திசைதான். நீரோட்டத்துக்கு மட்டும் போகும் திசை. இரண்டையும் ஒரே ஃபங்ஷன் கூறுகளாகப் பிரித்தால் ஒன்று 180 டிகிரி திரும்பியிருக்கும். ஒரு ஃபைலில் காரணம் சொல்லாமல் ஒரு கழித்தல் குறி இருந்தால் யாரோ இதைக் கண்டுபிடித்து அவசரத்துக்கு அங்கேயே திருத்தியிருக்கிறார் என்று அர்த்தம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அதை எடுத்துவிட்டால் போச்சு.

இடக்குறிப்பில் உள்ள பிழை இன்னும் சாமர்த்தியமானது. படகில் இருக்கும் ஜிபிஎஸ் பெரும்பாலும் டிகிரியும் தசம நிமிடமுமாகக் காட்டும்: 9 டிகிரி 17.1 நிமிடம். அதைத் தசம டிகிரியாக மாற்றினால் 9.285. அவசரத்தில் 9.171 என்று எக்செலில் போட்டால் அந்தப் புள்ளி பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து, மண்டபத்துக்கு நேர்த் தெற்கே உள்ள தீவுகளுக்கும் அப்பால் போய் விழும். அங்கேயும் கடல்தான் என்பதால் வரைபடத்தில் போட்டுப் பார்த்தாலும் சந்தேகம் வராது. ஆழக் கணக்கைப் பாகத்தில் சொல்கிற அண்ணன்மார்களிடம் கேட்டுக் குறித்த பழைய நோட்டுகளும் உங்களிடம் இருக்கும். அதை மீட்டராக்க 1.8288ஆல் பெருக்கி நான்கு தசம இடம் காட்டுகிற ஃபங்ஷன் ஒன்றும் கட்டாயம் இருக்கும். கயிற்றைக் கையை விரித்து அளந்த கணக்கு அது, பெருக்கட்டும், ஆனால் டாக்ஸ்ட்ரிங்கில் 'தோராயம்' என்று எழுதுங்கள்.

இதெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கோடில் கை வைப்பது. பிளாக் அல்லது ரஃப் மாதிரி ஃபார்மேட்டர் ஓட்டுவது பத்து நிமிட வேலை, அதைத் தனி கமிட்டாக (கிட்டில் ஒரே தடவையில் சேமிக்கும் மாற்றம்) போடுங்கள், அதில் வேறு ஒரு எழுத்தும் மாறியிருக்கக் கூடாது. 2019இல் வந்த கிட் 2.23 முதல் இப்படிப்பட்ட கமிட்டுகளைப் பட்டியலிட்டு 'பிளேம்' பார்க்கும்போது தவிர்க்கச் சொல்லலாம், இல்லையென்றால் எந்த வரியைக் கேட்டாலும் எழுதியது நீங்கள்தான் என்று காட்டும். கமெண்ட்டாக்கிப் போட்டிருக்கும் செத்த கோடை அழித்துவிடுங்கள், டேக் இருக்கிறது, பயம் வேண்டாம். எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு வெற்று மதிப்பைத் திருப்பிக் கொடுக்கிற 'எக்செப்ட்' வரிகளை ஒவ்வொன்றாக எடுங்கள், ஒவ்வொன்றை எடுக்கும்போதும் உள்ளேயிருந்து ஏதாவது வரும். தரவு இல்லை என்பதற்கு -999 போட்டு வைத்த ஃபைல்களைப் படிக்கிற இடத்திலேயே மாற்றிவிடுங்கள், சராசரிக்குள் போகவிடாதீர்கள்.

பெயர் மாற்றுவதில் நிதானம் தேவை. உங்கள் லைப்ரரியைத் தொண்டியிலோ தூத்துக்குடியிலோ யாரோ ஒருவர் பென்டிரைவில் வாங்கிப்போய் ஓட்டிக்கொண்டிருப்பார், அவர் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டார். பழைய பெயரை வைத்துக்கொண்டே அது புதுப் பெயரைக் கூப்பிடும்படி செய்து ஓர் எச்சரிக்கை கொடுங்கள். பைதானில் வழக்கமான டெப்ரிகேஷன் எச்சரிக்கை (இது பின்னால் எடுக்கப்படும் என்று சொல்வது), நேரடியாக ஓடுகிற ஸ்கிரிப்டிலிருந்து வந்தால் மட்டுமே இயல்பாகத் தெரியும், நடுவில் இன்னொரு மாட்யூல் இருந்தால் மறைந்துவிடும். உங்கள் பயனாளர்கள் ஆராய்ச்சி மாணவர்கள், டெவலப்பர்கள் இல்லை, ஆகவே ஃப்யூச்சர் எச்சரிக்கையைப் பயன்படுத்துங்கள், அது எப்போதும் தெரியும். எச்சரித்த பிறகும் குறைந்தது இரண்டு ரிலீஸ் பொறுங்கள், நம்பையின் கொள்கையும் அதுதான். அவ்வளவு பொறுத்தும் நம்பைக்கே என்ன நடந்தது பாருங்கள்: தன் 'ஃப்ளோட்', 'இன்ட்' மாற்றுப்பெயர்களுக்கு 2021 ஜனவரியில் 1.20இல் எச்சரிக்கை கொடுத்து, 2022 டிசம்பரில் 1.24இல் எடுத்தார்கள், இன்றும் பழைய ஸ்கிரிப்ட்கள் அந்த இடத்தில் விழுகின்றன. உங்கள் ஃபைல்களிலும் நிச்சயம் இருக்கும், பைதானின் சொந்த ஃப்ளோட்டை எழுதினால் போதும்.

டாக்ஸ்ட்ரிங்கில் எடுத்துக்காட்டு கொடுங்கள், அதை டாக்டெஸ்டாக, அதாவது காட்டிய விடை வருகிறதா என்று தானாகப் பார்க்கும் டெஸ்டாக, ஓட்டவும் செய்யுங்கள், அப்போதுதான் அது பழசாகாது. ஒரு சின்ன விஷயம், 2024 ஜூனில் வந்த நம்பை 2.0இல் ஒற்றை எண் காட்டப்படும் விதம் மாறியது, முன்பு வெறும் எண்ணாகத் தெரிந்தது இப்போது வகைப் பெயரோடு தெரியும், அதனாலேயே பல டாக்டெஸ்ட்கள் தோற்றன. எடுத்துக்காட்டில் பிரிண்ட் செய்து, தேவையான இலக்கத்துக்கு மட்டும் காட்டுங்கள். ஃபங்ஷன் விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. ஆனால் களத்தில் தரவு எழுதுகிறவர்களுக்கான பக்கம், எந்தக் கட்டத்தில் என்ன அலகில் எழுதுவது, நிமிடத்தை எப்படி எழுதுவது, அது தமிழில் இருக்க வேண்டும். பாம்பனிலிருந்தும் வேதாளையிலிருந்தும் வருகிற பையன்கள்தான் அந்தத் தாளை நிரப்புகிறார்கள், மேலே சொன்ன 9.171 பிழையை எந்த டெஸ்டைவிடவும் அந்தப் பக்கம்தான் தடுக்கும்.

ஈஓஎஸ்-80ஐ விட்டு, அதன் இடத்துக்கு வந்த புதிய சமன்பாடுகளான டியோஸ்-10க்கு மாறும் ஆசை வரும். நியாயமான ஆசைதான், 2009இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது, அதற்கான ஜிஎஸ்டபிள்யூ லைப்ரரி தயாராக இருக்கிறது, உங்கள் ஃபங்ஷன்களில் பாதியை அதைக் கூப்பிட்டே முடித்துவிடலாம். ஆனால் இந்தத் தடைக்காலத்தில் வேண்டாம். அது எண்களை மாற்றும் வேலை. அங்கே உப்புத்தன்மை என்பதே வேறு அளவு, நடைமுறை அளவில் 35 என்பது அங்கே கிலோவுக்கு 35.16504 கிராம் என்று ஆரம்பிக்கும். சுத்தம் செய்த கமிட்டும் எண்ணை மாற்றிய கமிட்டும் கலந்துவிட்டால் நீங்கள் பத்திரப்படுத்திய டெஸ்ட் ஒன்றுக்கும் உதவாது. சுத்தம் செய்ததை ஒரு ரிலீஸாக வெளியிட்டு, அதை ஜெனோடோ என்ற ஆய்வுக் களஞ்சியத்தில் போட்டு ஒரு டிஓஐ (மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாள எண்) வாங்கிவிடுங்கள், அதற்கு மேல் அடுத்த பெரிய வெர்ஷனில் மாறுங்கள். மாறிய பிறகும் ஃபைலில் சேமிப்பது பழையபடி நடைமுறை உப்புத்தன்மையாகவே இருக்கட்டும், டியோஸ்-10 எழுதியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

மேட்லேப் ஃபைல்களை அழிக்காதீர்கள். தனி ஃபோல்டரில் போட்டு, லைப்ரரியின் பாகம் இல்லை என்று மேலே ஒரு வரி எழுதுங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் மேட்லேப் மாதிரியான இலவச மென்பொருள் ஆக்டேவில் பெரும்பாலும் ஓடும். பைதான் ஃபங்ஷன் அந்த 1027.67547ஐக் கொடுக்காமல் அதன் மேட்லேப் மூலம் கொடுக்கிறது என்றால், மாற்றி எழுதியபோது எந்த வரியில் தவறியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடிவிடலாம்.